ஏழைகளின் வக்கீல் தேர்தலில் நின்றார்!

மதுரையில் இருந்து திருச்சி செல்லும் சாலையில், மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி வரும். இது ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால், சுற்றுப்பட்டி ஊர்களில் எல்லாம் வீட்டுக்கு வீடு ஓட்டுக் கேட்பார்கள்.

ஓட்டுக் கேட்டு வருபவர் ஒரு வக்கீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பாடு திண்டாட்டம்தான்!

தேர்தல் வருகிறது என்று கோர்ட்டு காத்திராது. வாய்தா நாளில் வக்கீல் வராவிட்டால் கட்சிக்காரர் கதி என்ன? கூண்டில் நிற்பவன் ஏழை என்றால், வேறு வக்கீல் வைக்க அவனிடம் பணம் ஏது? கோர்ட்டுக்குப் போனால் ஓட்டுப் போகும். ஓட்டுக்குப் போனால் ஏழையின் வழக்குப் போகும்.

இந்த இரண்டுக்கும் நடுவே வாழ்ந்த ஒருவர் மதுரையில் இருந்தார். அவர்தான் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்.

சீமையில் படித்தவர்

ஜார்ஜ் ஜோசப் 1887-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி, திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கன்னூரில் பிறந்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு கப்பல் ஏறி சீமைக்குச் சென்றார். எடின்பரோவில் எம்.ஏ. பட்டம் பெற்றார். லண்டனில் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார்.

1909-ல் தாய்நாடு திரும்பிய அவர், மதுரைக்கு வந்து வக்கீல் தொழில் நடத்தினார். பாரிஸ்டர் என்றால் அந்தக் காலத்தில் பணம் கொட்டும் தொழில். ஆனால் அவர் மனம் பணத்தில் நிற்கவில்லை. 1918-ல் மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார்.

கைரேகைச் சட்டம்

வெள்ளைக்காரர் ஆட்சியில் "குற்றப் பரம்பரைச் சட்டம்" என்று ஒன்று இருந்தது. மக்கள் இதைக் "கைரேகைச் சட்டம்" என்றார்கள்.

ஒருவன் திருடினால் அவனைத் தண்டிக்கலாம். இந்தச் சட்டமோ ஒரு சாதியில் பிறந்தவர்களையே குற்றவாளிகள் என்றது! மதுரைப் பக்கத்தில் பிறமலைக் கள்ளர்கள் இதில் சிக்கினார்கள். ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் வீட்டில் படுக்கக் கூடாது. போலீஸ் பார்வையில் படுக்க வேண்டும். வெளியூர் போவதற்கு "ராதாரிச் சீட்டு" வேண்டும்.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி, பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். போலீசார் சுட்டனர். ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

இந்த மக்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். பத்திரிகைகளிலும் இந்தச் சட்டத்தைக் கண்டித்து எழுதினார். கிராமத்து மக்கள் அவரை "ரோசாப்பூ துரை" என்று அழைத்தனர். கோட்டில் ரோஜாப் பூ குத்தியிருந்ததால் வந்த பெயர் என்பார்கள் சிலர். ஜோசப் என்பதே மக்கள் வாயில் ரோசாப்பூ ஆயிற்று என்பார்கள் வேறு சிலர்.

கோர்ட்டா? அரசியலா?

காந்தியடிகள் ஒத்துழையாமைப் போரைத் தொடங்கினார். ஜோசப் நல்ல வருமானம் தந்த தொழிலை உதறினார். அலகாபாத் சென்று "இண்டிபெண்டன்ட்" பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். 1921-ல் சிறை சென்றார். 1923-ல் காந்தியடிகளின் "யங் இந்தியா" பத்திரிகையை நடத்தினார். 1924-ல் வைக்கம் போராட்டத்தில் மீண்டும் சிறை!

பிறகு மதுரைக்குத் திரும்பி மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார். ஆனாலும் அரசியல் அவரை விடவில்லை. மதுரை முனிசிபல் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார்.

முடிவு என்ன? தோல்வி!

இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாளில் எல்லாருக்கும் ஓட்டு இல்லை. வரி கட்டுவோர் போன்ற சிலருக்குத்தான் ஓட்டு. கைரேகை வைத்துவிட்டு ஸ்டேஷனில் படுத்த கிராமத்து மனிதனுக்கு மதுரை நகரத் தேர்தலில் ஓட்டு ஏது? அவர் யாருக்காக வாதாடினாரோ, அவர்கள் அவருக்கு ஓட்டுப் போட முடியாது. இது தெரிந்தும் அவர் அந்த வழக்குகளைக் கைவிடவில்லை.

1937-ல் டெல்லி மத்திய சட்டசபைக்கு ஜோசப் தேர்ந்து எடுக்கப்பட்டார். ஆனால் ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. 1938-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி மதுரையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 50. அவர் எதிர்த்த சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று என்ன வசதி?

இன்று 18 வயதான எல்லாருக்கும் ஓட்டு உண்டு. ஏழைக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பதும் சர்க்காரின் கடமை ஆகிவிட்டது. இதற்கான சட்டம் 1987-ல் நிறைவேறியது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லை. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு உண்டு. கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலும் போதும்; அவர்களே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

ஏழைகளின் கிரிமினல் வழக்குகளை நடத்த, 2022-ல் முழுநேர வக்கீல்களை நியமிக்கும் திட்டமும் வந்தது. இந்த வக்கீல்கள் வேறு தனி வழக்கு எதுவும் எடுக்கக் கூடாது. ஏழையின் வழக்கு, மற்ற வேலைகளுக்கு நடுவே செய்கிற வேலை அல்ல என்பதே இதன் பொருள்.

ஜார்ஜ் ஜோசப் காலத்தில் இந்தத் திட்டம் எதுவும் இல்லை. சர்க்கார் செய்ய வேண்டியதை ஒரு மனிதர் செய்தார். முனிசிபல் தேர்தலில் மதுரை அவரைத் தோற்கடித்தது. ஆனால் கள்ளர் நாட்டு மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு "ரோசாப்பூ" என்று பெயர் வைத்தார்கள்!