கப்பிகள் போட்ட கூட்டல் கணக்கு

கொச்சி வில்லிங்டன் தீவில் கடல் ஏறி இறங்குவதைக் குறித்துவைக்கும் மானி ஒன்று உண்டு. உலகக் கடல்மட்டப் பதிவேட்டில் ‘கொச்சி (வில்லிங்டன் தீவு)’ என்றே பெயர். 1939 முதல் கணக்கு இருக்கிறது. அந்தத் தீவே துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தோண்டி, அள்ளிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான். இங்கே ஓதம், அதாவது அந்த ஏற்ற இறக்கம், பெரும்பாலும் ஒரு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. ஆனாலும் சரக்கு நிறைந்த கப்பலுக்கு அடியில் ஒரு சாண் தண்ணீர் கூடுதலா குறைவா என்பது பெரிய விஷயம். அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஓதம் என்பது பல அலைகளின் கூட்டுத்தொகை. சந்திரனால் வருவது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை, சூரியனால் வருவது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு ஒருமுறை வருபவையும் உண்டு. வருஷம் முழுக்க, மணிக்கு மணி, இவற்றையெல்லாம் கையால் கூட்டிப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். 1879-இல் எட்வர்ட் ராபர்ட்ஸ் இந்தியத் துறைமுகங்களுக்காகவே லண்டனில் ஒரு இயந்திரம் செய்வித்தார். மூல யோசனை கெல்வின் பிரபுவுடையது. 1881-இல் அது 24 அலைகளைக் கூட்டியது. பிற்காலத்தில் டேராடூனுக்கு, சர்வே ஆஃப் இந்தியாவிடம் வந்து சேர்ந்தது.

ஒவ்வோர் அலைக்கும் ஒரு கப்பி. சந்திரக் கப்பியும் சூரியக் கப்பியும் அதனதன் வேகத்தில் ஏறி இறங்கும்படி பல்சக்கரங்கள் வெட்டப்பட்டிருக்கும். எல்லாக் கப்பிகளையும் ஒரே கம்பி மேலும் கீழுமாகச் சுற்றிவரும். ஒரு முனை கட்டப்பட்டது, மறுமுனையில் பேனா. கப்பிகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, மொத்தம் எவ்வளவோ அவ்வளவு பேனா நகர்ந்து, சுழலும் காகிதத்தில் ஓதத்தை வரையும்.

இதைத் தெரிந்துகொண்டால் கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகள் பாதி புரிந்துவிடும். துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும் அலையின் உயரத்தை ஆள் திருகிவைக்கிறாரே, அது உள்ளீடு. நம் கீபோர்டின் வேலை. திருகியபடி நிற்பது நினைவகம். கம்பி செய்யும் கூட்டல் பிராசஸரின் வேலை. பேனாவும் காகிதமும் மானிட்டர், பிரிண்டர். எல்லாச் சக்கரங்களையும் ஒத்திசைவாக ஓட்டும் சுழற்சிக்குப் பதில் இன்று கடிகாரத் துடிப்பு: நொடிக்குச் சுமார் 300 கோடி. பெட்டிக்குள் விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கும் பிராசஸர் என்னும் சின்னச் சில்லு ஒவ்வொரு துடிப்புக்கும் செய்வது கூட்டல், ஒப்பிடல், எடுத்துவைத்தல் போன்ற அற்ப வேலைகளே. கரண்ட் போனால் ரேம் என்னும் நினைவகம் மறந்துவிடும். ஹார்ட் டிஸ்க் மறக்காது. மதர்போர்டு இவற்றை இணைக்கும் பாதை மட்டும்தான்.

ஆனால் அந்த இயந்திரத்துக்கு ஓதத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவே பித்தளைப் பல்லாக உறைந்திருந்தது. 1945-இல் ஜான் வான் நியூமன் எழுதிய அறிக்கையில்தான், எண்களோடு உத்தரவையும் நினைவகத்திலேயே வைக்கலாம் என்ற யோசனை பரவலாக வெளிப்பட்டது. என் பார்வையில் கம்ப்யூட்டரின் உண்மையான அதிசயம் வேகமல்ல, இதுதான். ஒரே பெட்டி காலையில் சம்பளக் கணக்குப் போட்டு, மாலையில் பாட்டுப் பாடுகிறது.

ஓதக் கணக்கு மட்டும் மாறவில்லை. இன்றும் அதே அலைகளின் கூட்டல்தான். இன்னும் பத்து அலை சேர்க்க அன்று புதுப் பல்சக்கரம் வெட்ட வேண்டும். இன்று பத்து வரி எண்களைத் தட்டினால் போதும்.