அறைக்குள் விரிந்த குடை

மருத்துவர் ஒருவர் வார்டுக்குள் வந்து, கையிலிருந்த குடையை மூலையில் சாய்த்து வைக்கிறார். நோயாளி ஒருவரை ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்தி, தான் வெளியே போய்த் திரும்பும்போது அந்தக் குடையை விரித்துத் தன் தலைக்கு மேல் பிடித்தபடி எதிரே வர வேண்டும் என்று சொல்கிறார். நோயாளி விழிக்கிறார். சொன்னது எதுவும் அவருக்கு நினைவில்லை. மருத்துவர் போய்விட்டுத் திரும்பி வருகிறார். நோயாளி எழுந்து, குடையை விரித்துக்கொண்டு அவருக்கு எதிரே வருகிறார். என்ன இதெல்லாம் என்று மருத்துவர் கேட்டதும் கொஞ்சம் தடுமாறிவிட்டு, வெளியே மழை பெய்கிறதே, கிளம்புமுன் அறைக்குள்ளேயே குடையை விரித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன் என்கிறார்.

இந்தக் காட்சியை எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1938 அக்டோபரில், 82 வயதில், நாஜிகளின் பிடியிலிருந்த வியன்னாவை விட்டு லண்டனுக்கு வந்த சில மாதங்களில் எழுதத் தொடங்கி, முடிக்காமலே விட்டுவிட்ட கட்டுரையில் இது வருகிறது. இப்படிப்பட்ட சோதனைகளை அவர் நேரில் பார்த்தது 1889இல், பிரான்சின் நான்சி நகரில், ஹிப்போலிட் பெர்னேம் என்ற மருத்துவரிடம். அரை நூற்றாண்டு கழித்தும், நனவிலி மனம் என்று ஒன்று உண்டு என்பதற்கு எளிய சான்று தேடியபோது அவர் கை அந்தக் குடையைத்தான் எடுத்தது.

குடையை விரித்ததைவிட அந்தப் பதில்தான் என்னை உலுக்குகிறது. நோயாளி பொய் சொல்லவில்லை. தன் செயலுக்கு உண்மைக் காரணம் எது என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. கேள்வி வந்த நொடியில் அவருடைய மனம் மழையை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டது, அவரும் அதை நம்பிவிட்டார். வாய் தவறி வந்துவிட்டது என்று தமிழில் சொல்கிறோமே, அப்போதும் தவறை வாயின் மேல் போட்டுவிட்டு நாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலப் பேசுகிறோம். வாய்க்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அதைக் கேட்டதுதான் ஃப்ராய்ட் செய்த வேலை.

நான்சியில் அவர் இன்னொன்றும் பார்த்தார். உறக்கத்தில் நடந்தது நினைவில்லை என்று சாதிப்பவரைப் பெர்னேம் விடமாட்டார். உங்களுக்குத் தெரியும், நினைவுக்கு வரும் என்று வற்புறுத்துவார். மெல்ல மெல்ல, துண்டு துண்டாக, எல்லாம் திரும்பி வரும். அழிந்துபோனதாக நினைத்தது உள்ளேதான் இருந்திருக்கிறது! வியன்னாவில் தன் நோயாளிகளிடம் ஃப்ராய்ட் இதையே செய்து பார்த்தார். நெற்றியில் கைவைத்து அழுத்தி, இப்போது ஏதாவது தோன்றும், சொல்லுங்கள் என்பார். பிறகு கையையும் எடுத்துவிட்டார். நோயாளி சாய்ந்து படுத்துக்கொண்டு, மனத்தில் ஓடுவதை வடிகட்டாமல் பேச வேண்டும். மருத்துவர் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து கேட்பார். உளப்பகுப்பாய்வு இப்படித்தான் பிறந்தது. மனத்தில் எதையோ ஒரு விசை உள்ளே தள்ளி வைத்திருக்கிறது. அது கனவாகவும் மறதியாகவும் நாக்குப் பிழையாகவும் உடல் வலியாகவும் வேறு வாசல் தேடி வெளியே வருகிறது என்பது அவர் கொள்கை.

நாக்குப் பிழையையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவையின் தலைவர் ஒருவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்து, கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். மொழியியலாளர் ருடால்ஃப் மெரிங்கர் பதிவுசெய்த நிகழ்ச்சி இது. சொற்கிடங்கில் எதிர்ச்சொற்கள் அருகருகே கிடப்பவை, ஒன்றை எடுக்கப்போய் மற்றதை எடுப்பது எளிது என்று பார்த்தார் மெரிங்கர். ஃப்ராய்டோ, அந்தக் கூட்டத்தில் நல்லது எதுவும் நடக்காது என்று தலைவர் நினைத்தார், அது சீக்கிரம் முடிந்துபோகட்டும் என்ற அவரது ஆசையே வெளியே வந்துவிட்டது என்றார். எந்த விளக்கம் சரி? இரண்டாவது சுவையானது. சுவையாக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது.

குடை பிடித்தவரிடம் நாம் கற்ற பாடம் இங்கே ஃப்ராய்டுக்கு எதிராகவே திரும்புகிறது. காரணம் தெரியாத மனிதர் நொடியில் ஒரு காரணத்தை உண்டாக்கி நம்பிவிடுவார் என்றால், நெற்றியில் கைவைத்து வற்புறுத்தப்படும் நோயாளியும் ஒன்றை உண்டாக்கலாம் அல்லவா? கேட்கும் மருத்துவரும் உண்டாக்கலாம் அல்லவா? ஃப்ராய்டுக்கே இந்தச் சிக்கல் வந்தது. ஹிஸ்டீரியாவின் வேர் குழந்தைப்பருவத்தில் நேர்ந்த பாலியல் கொடுமை என்று 1896இல் உறுதியாகச் சொன்னவர், 1897 செப்டம்பரில் நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கொள்கையில் தனக்கு நம்பிக்கை போய்விட்டது என்றார். நனவிலியில் நடந்ததற்கும் நினைத்ததற்கும் வேறுபாடு காட்டும் அடையாளம் ஏதும் இல்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகு, நோயாளிகள் சொன்னவை பெரும்பாலும் கற்பனை என்ற பக்கம் சாய்ந்தார். உண்மையிலேயே கொடுமைக்கு ஆளானவர்களின் சொல்லும் கற்பனை என்று ஒதுக்கப்பட இது வழி செய்தது என்ற குற்றச்சாட்டு உண்டு. அது கனமான குற்றச்சாட்டு. அவர் மேல் மதிப்பு வைத்திருக்கும் நானும் அதை மறுக்க மாட்டேன்.

மனம் காரணத்தை உண்டாக்குவதைப் பின்னர் சோதனைகளிலும் பார்த்தார்கள். 1970களில் அமெரிக்காவில் மைக்கேல் கஸானிகாவும் ஜோசஃப் லெடூவும் ஒரு பதின்வயதுப் பையனைச் சோதித்தார்கள். தீராத வலிப்புக்காக அவனுடைய மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்டிருந்தது. பேச்சைக் கையாளும் இடப்பாதிக்கு மட்டும் ஒரு கோழிக்காலின் படத்தையும், வலப்பாதிக்கு மட்டும் பனி மூடிய வீட்டின் படத்தையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னபோது வலக்கை கோழியைத் தொட்டது, இடக்கை மண்வாரியைத் தொட்டது. பனியை அள்ள மண்வாரி வேண்டும். இடக்கையை இயக்கும் வலப்பாதிக்கு அது தெரியும், ஆனால் அதற்குப் பேச வராது. ஏன் மண்வாரி என்று கேட்டார்கள். பேசும் பாதி பனியைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அது திகைக்கவில்லை: கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்று உடனே பதில் வந்தது. நான்சியில் பெய்த அதே மழை.

மூளை துண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே உரியது இது என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. 2005இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 120 பேரிடம் இரண்டிரண்டு முகங்களின் புகைப்படங்களைக் காட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சீட்டுக்கட்டு வித்தைக்காரரைப் போல ஆய்வாளர் சில தடவை படத்தை மாற்றி, வேண்டாம் என்று தள்ளிய முகத்தையே கையில் கொடுத்து, ஏன் இவரைப் பிடித்தது என்று கேட்டார். பெரும்பாலான தடவைகளில் அந்த மாற்றம் யாருக்கும் தெரியவில்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்குக் காரணங்களை அடுக்கினார்கள். தேர்ந்தெடுத்த படத்தில் இல்லாத காதணியைச் சொல்லி, அதற்காகத்தான் பிடித்தது என்றவர்களும் உண்டு.

இவற்றில் எங்கும் ஃப்ராய்ட் பேசிய ஒடுக்கப்பட்ட ஆசை இல்லை, தந்தையோடு போட்டி இல்லை. இன்றைய ஆய்வுகள் காட்டும் நனவிலி பெரும்பாலும் ரகசியங்களைப் பூட்டிவைத்த அறை அல்ல. நமக்குச் சொல்லாமலே வேலை செய்துகொண்டிருக்கும் பெரிய சமையற்கட்டு என்று அதைச் சொல்லலாம். ஃப்ராய்ட் அந்த அறைக்குள் கண்டதாகச் சொன்னவற்றில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் மனிதர் தன்னைப் பற்றிச் சொல்வதையே இறுதிச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதே மனிதருடைய பேச்சுக்கு நாள்தோறும் ஒரு மணிநேரம் பொறுமையாகக் காதுகொடுத்தாரே, அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஜெனீவாவில் எடுவார் க்ளபரேட் என்ற மருத்துவர் 1911இல் எழுதிவைத்த ஒரு பெண்மணியின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 47 வயது. கோர்சகோஃப் நோயால் புதிய நினைவு எதுவும் தங்காது. பழைய நினைவு கெடவில்லை. ஐரோப்பியத் தலைநகரங்களின் பெயர்களைப் பிழையில்லாமல் சொல்வார். மருத்துவமனையில் ஆண்டுக்கணக்காக இருந்தும், தினமும் பார்க்கும் தாதி அவருக்குப் புதியவர். ஒருநாள் க்ளபரேட் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். குத்திய வலி சற்று நேரத்தில் மறந்துபோயிற்று. பின்னர் மருத்துவர் கை நீட்டியபோது அவர் சட்டென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டார்கள். கையை இழுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா என்று முதலில் கேட்டார். மேலும் வற்புறுத்தியபோது, உங்கள் கையில் ஊசி ஏதும் இருக்குமோ என்றார். அப்படி ஏன் சந்தேகம்? மனத்தில் சும்மா தோன்றியது, சில சமயம் கைகளில் ஊசி ஒளிந்திருக்குமே என்றார். தன்னை ஒருநாள் ஊசி குத்தியது என்று மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை.