விளக்குக் கம்பத்தில் கொக்கி போட்ட இசை

மன்னார்குடியில் மைக்செட் கடை வைத்திருந்தவன் நான். ஹிப்ஹாப் என்றால் பலருக்கும் தொளதொளச் சட்டையும் கெட்ட வார்த்தையும் நினைவுக்கு வரும். என் கண்ணில் முதலில் படுவது ஆம்ப்ளிஃபயர். ஹிப்ஹாப்பை உண்டாக்கிய பையன்களை எங்கள் தொழில்காரர்கள் என்றே நினைக்கிறேன். வாத்தியம் வாங்க வழியில்லாமல் ரிக்கார்டு பிளேயரையே வாத்தியமாக்கியவர்கள் அவர்கள்.

ஊர் நியூயார்க், வட்டாரம் பிராங்ஸ். குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு ஒரு நெடுஞ்சாலை போட்டதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்ந்தன. 1970களில் தெற்கு பிராங்ஸ் எரிந்தது. வாடகை தேறாத கட்டடத்தைக் கொளுத்தி இன்சூரன்ஸ் வாங்கிய சொந்தக்காரர்களும் உண்டு. நகரத்தின் கஜானா காலி. தீயணைப்பு நிலையங்களையே மூடினார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் போர்ட்டோரிக்கப் பிள்ளைகளுக்கும் மிஞ்சியது தெருவும், தெருவுக்கு ஒரு கும்பலும்தான்.

1971 டிசம்பர் 2ஆம் தேதி, கெட்டோ பிரதர்ஸ் என்ற கும்பலைச் சேர்ந்த 'பிளாக் பெஞ்சி' என்ற இளைஞர் ஒரு சண்டையை விலக்கப் போய் அடித்தே கொல்லப்பட்டார். பழிக்குப் பழி என்று எல்லாரும் ஆயுதத்தோடு காத்திருக்க, கும்பலின் தலைவர் பெஞ்சி மெலெண்டெஸ் வேண்டாம் என்றார். சில நாளில் ஹோ அவென்யூவில் கும்பல்கள் ஒன்றாக உட்கார்ந்து சமாதானம் பேசின. ஒரு தெருப் பையன் அடுத்த தெருவுக்குப் போய்வர வழி பிறந்தது. என் கணக்கில் ஹிப்ஹாப்புக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான். ரிக்கார்டு பிறகு வந்தது.

1973 ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககம். பள்ளி திறக்கும்முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க, சிண்டி கேம்பல் என்ற பெண் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50. ரிக்கார்டு போட்டது அவளுடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க். அப்பா ஒரு இசைக்குழுவுக்காக வாங்கி வைத்திருந்த செட் அது. ஒயரிங்கை மாற்றிக் கொடுத்து, அதுவரை வராத சத்தத்தை ஹெர்க் வரவைத்திருந்தார்.

பாட்டு நின்று தாளம் மட்டும் ஓடும் சில விநாடிகளில்தான் கூட்டம் விழுந்து புரண்டு ஆடுகிறது என்பதை அவர் கவனித்தார். ஒரே ரிக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் தாளம் முடியும்போது மற்றதில் அதே இடத்தில் முள்ளை வைத்தார். சில விநாடி சில நிமிடமானது. பிரேக் டான்ஸ் பிறந்தது இப்படி.

முள்ளைக் குத்துமதிப்பாக வைத்தால் தாளம் தட்டும். அதைச் சரிசெய்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். தொழிற்கல்விப் பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். குப்பையில் கிடந்த சாமான்களைப் பிரித்துப் பழகியவர். ரிக்கார்டின் மேல் கிரேயானால் குறி போட்டார். அடுத்த ரிக்கார்டைத் தான் மட்டும் ஹெட்போனில் முன்கூட்டியே கேட்க ஒரு சுவிட்ச் செய்து பொருத்தினார். இதைத் தன் கையாலேயே செய்த பையனை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்! பூங்காவில் ஆட்டம் போடக் கரண்ட் வேண்டுமா, விளக்குக் கம்பத்தைத் திறந்து கொக்கி. சட்டப்படி தப்பு, மின்வாரியத்தார் மன்னிக்க வேண்டும்.

நம் ஊர்த் திருவிழாவில் இரண்டு செட் எதிரெதிரே கட்டினால் யார் சத்தம் பெரிது என்று ஒரு மல்லுக்கட்டு நடக்குமே, அங்கேயும் அதுதான். எந்தக் குழுவின் ஸ்பீக்கர் பெரிது, யார் தலைகீழாகச் சுழல்வார், எவன் ராப்பில், அதாவது தாளத்துக்கு எதுகை சேர்த்துப் பேசுவதில், மடக்குவான். தோற்றவன் கத்தியைத் தேடாமல் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தான். சண்டை அடியோடு ஒழிந்தது என்று சொன்னால் பொய். பார்ட்டிகளிலும் துப்பாக்கி நீண்டிருக்கிறது. ஆனால் தெருவில் பெயர் வாங்க இன்னொரு வழி கிடைத்தது. அதற்கு உழைப்பு வேண்டும், கூட்டாளிகள் வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும்.

1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் ரிக்கார்டு விற்றுத் தீர்ந்தபின் கம்பெனிகள் உள்ளே வந்தன. துப்பாக்கியும் தங்கச் சங்கிலியும் நன்றாக விற்றதால் அவற்றையே அதிகம் விற்றார்கள். அந்தப் பாட்டுகளைப் பற்றிய புகாரில் நியாயம் உண்டு. அதற்காகப் பிராங்ஸ் பிள்ளைகள் செய்த வேலையைத் தள்ளிவிட முடியாது.

அந்த வேலை இன்னும் நடக்கிறது. படிப்பில் பின்தங்கி வயது ஏறிப்போன மாணவர்களுக்காகப் பிராங்ஸில் மாட் ஹேவன் சமுதாய உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு ஒலிப்பதிவுக்கூடம். அதை நடத்தி வந்திருப்பவர் ஜே. சி. ஹால் என்ற சமூகப் பணியாளர். அவரே ராப் பாடுபவர். என்ன கஷ்டம் என்று நேராகக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளை, தாளம் ஓடவிட்டால் எழுதத் தொடங்குகிறது. பிறகு மைக் முன்னால் நிற்க வேண்டும். ஹெட்போனில் தன் குரலையே கேட்டு, மூச்சு வாங்கிய இடத்தைத் திருத்தி, பிடிக்காத வரியை அடித்துவிட்டு மறுபடி பாட வேண்டும். கவுன்சலிங் அதற்குள்ளேயே நடந்துவிடுகிறது.