வாயிலில் நெரிசல்

திருமலைக்குப் படியேறும் யாத்திரிகர்கள் அலிபிரியில் முதல் அடி வைக்கிறார்கள். வாகனங்களில் செல்வோரையும் அங்கே சோதித்த பின்னரே மேலே விடுகிறார்கள். சோதனை வழிகள் சில, வண்டிகளோ பல. ஆகவே வரிசை நீள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இன்னொரு வாயிலிலும் இதே நெரிசல் உண்டு. 300 ரூபாய் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டுகள் மாதந்தோறும் இணையத்தில் வெளியாகும் வேளையில், பல ஊர் அன்பர்களும் ஏககாலத்தில் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள்.

இத்தகைய கதவைக் காப்பது இணைய வழங்கி. 1995இல் தோன்றிய அப்பாச்சி என்னும் வழங்கியை உதாரணமாகக் கொள்வோம். அதன் பழைய அமைப்பில், ஒரு சமயத்தில் ஒருவரைக் கவனிக்க ஒரு 'புராசஸ்' வேண்டும். நாம் இதைப் பணியாள் என்போம். வேறு வரம்பு விதிக்காவிடில் பணியாட்கள் 256 பேர் வரையே. எஞ்சியோர் காத்திருக்க வேண்டியதுதான்.

வரம்பை உயர்த்திவிட்டால் போயிற்று என்று தோன்றும். அவசரப்படலாகாது. ஒரு பணியாள் 40 மெகாபைட் நினைவகம் கொண்டால் 256 பேருக்கு 10 கிகாபைட் ஆகும். இயந்திரத்தில் 8 கிகாபைட்தான் உண்டெனில், மிகுதி வட்டுக்குத் தள்ளப்பட்டு, அனைவருக்குமே தாமதம் நேரும்.

ஆதலால் அளந்து பார்ப்பதே முதற் கடமை. லினக்ஸ் இயந்திரத்தின் கட்டளை வரியில் 'டாப்' என்று தட்டினால், சென்ற 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை மூன்று எண்களாகத் தோன்றும். 12, 6, 3 என்றிருந்தால் நெரிசல் ஏறுகிறது. 3, 6, 12 என்றிருந்தால் வடிகிறது. நான்கு மையங்கள் உள்ள செயலிக்கு 12 என்பது பெருஞ்சுமையே. பெரிய 'எம்' எழுத்தை அழுத்தினால், நினைவகத்தை மிகுதியாக விழுங்குபவர் பட்டியலின் தலைப்புக்கு வந்துவிடுவார்.

அவரை என் செய்வது? 'கில்' என்றொரு கட்டளை உண்டு. ஒலி ஒத்திருப்பினும் இதைக் 'கொல்' என்று மொழிபெயர்க்க நமக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அது அனுப்புவது ஒரு சைகையே. எண் குறிப்பிடாவிடில் 15ஆம் சைகை செல்லும். அது விலகுமாறு விடுக்கும் வேண்டுகோள். 9ஆம் சைகையோ மறுமொழிக்கு இடமின்றி அறுத்துவிடும். அக்கணத்தில் அந்தப் பணியாளிடம் ஒருவர் பணம் செலுத்திக்கொண்டிருக்கலாம். தொகை வங்கியிலிருந்து கழிந்திருக்கும். சீட்டு கைக்கு வந்திராது.

வழங்கி முழுவதையும் புதுப்பிக்க நேரின் 'கிரேஸ்ஃபுல்' என்னும் கட்டளையே ஏற்றது. கையிலுள்ள வேலையை முடித்த பின்பே ஒவ்வொரு பணியாளும் விலக, புதியவர் அவ்விடத்தை ஏற்பார். வாயில் அடைபடுவதில்லை.