ஒரே பெயர், இரண்டு பைப்

ஒரே கணினியில் ஓடினாலும், ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொன்று தொட இயங்குதளம் விடாது. தரவைக் கைமாற்ற இருக்கும் பழைய வழிகளில் ஒன்று பைப். டக் மெக்கில்ராய் விடாமல் வலியுறுத்த, கென் தாம்சன் 1973-இல் அதை யூனிக்ஸில் சேர்த்தார். ஆனால் சாதாரண பைப், ஒரே தாய் நிரலிலிருந்து கிளைத்தவற்றுக்குத்தான் உதவும். தனித்தனியே தொடங்கிய நிரல்கள் சந்திக்க, இரண்டுக்கும் தெரிந்த ஒரு பெயர் வேண்டும். அந்தத் தேவைக்கு வந்ததுதான் நேம்டு பைப்.

லினக்ஸில்

டெர்மினலில் ‘எம்கேஃபைஃபோ’ கட்டளையால் ஒன்றை உருவாக்கினால், கோப்புகளோடு கோப்பாகப் பட்டியலில் வரும். வரியின் முதல் எழுத்து ‘பி’, அளவு 0. எழுத வந்த நிரல், படிக்க ஆள் வரும்வரை அப்படியே நிற்கும். தரவு வட்டுக்குப் போகாமல் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் நினைவகம் வழியாகவே கடக்கிறது. அங்கே வழக்கமாக 64 கிலோபைட் தேங்கலாம். நிரம்பிவிட்டால் மறுபடியும் காத்திருப்பு.

விண்டோஸில்

பெயர் அதேதான், குணம் வேறு. இருவழியிலும் தரவு போகும். ஒவ்வொரு வாடிக்கையாளர் நிரலுக்கும் தனி இணைப்பு உண்டு. செய்தி முறையைக் கேட்டால், அனுப்பிய செய்தி எங்கே முடிகிறது என்ற எல்லையையும் காத்துத் தரும். வேறு கணினியிலிருந்தும் இணையலாம்.

மொழிக்குள் வரும்போது

சிஷார்ப் மொழி ஓடும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளம், 2007-இல் தன் 3.5 பதிப்பில் நேம்டு பைப்புக்குத் தனி வகுப்புகளைத் தந்தது. அதுவரை சிஷார்ப் நிரலாளர்கள் விண்டோஸின் செயற்கூறுகளைத் தாங்களே நேரடியாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். 2016-இல் அதன் புதிய வடிவமான டாட்நெட் கோர் லினக்ஸுக்கு வந்தபோதுதான் சிக்கல். லினக்ஸின் ஒருவழிப் பைப்பை வைத்துக்கொண்டு விண்டோஸ் பைப்பின் வேலையை வாங்க முடியாது. எனவே லினக்ஸில் அதே வகுப்புக்கு அடியில், ஒரே கணினியிலுள்ள நிரல்களை இணைக்கும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டை வைத்தார்கள். இருவழியும் தனி இணைப்பும் கிடைத்தன. செய்தி எல்லை மட்டும் கிடைக்கவில்லை. செய்தி முறையைக் கேட்டால் ‘இந்தத் தளத்தில் ஆதரவு இல்லை’ என்ற பிழைதான் வரும்.

கோ மொழியோ விண்டோஸ் பைப்பைத் தன் அடிப்படை நூலகத்தில் சேர்க்கவில்லை. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தனி நூலகம் அந்த வேலையைப் பார்க்கிறது.

இரு தளங்களிலும் ஓடவேண்டிய நிரலை எழுதுகிறவர்கள், செய்தி எல்லையைப் பைப்பின் பொறுப்பில் விடக்கூடாது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை அனுப்பிவிடுங்கள். எந்தத் தளத்திலும் அது பிசகாது.