குளிரில் உறங்கும் மதுவம்

புராதன மட்கலங்களிலிருந்து மதுவத்தைப் பிரித்தெடுத்து அதைக்கொண்டு பியரும் வடித்ததாக இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2019இல் அறிவித்தபோது, 5,000 வருஷம் உறங்கிய உயிர் விழித்துக்கொண்டது என்ற ஆரவாரம் உலகெங்கும் எழுந்தது. அத்தனை காலம் ஒரே மதுவக் கலம் உயிர் தரித்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அதன் சந்ததி மட்பாண்டத்தின் நுண்துளைகளில் தொடர்ந்து வாழ்ந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர் கருத்தும். நமது கரையோர ஊரான ஒலுவிலில் வீடொன்றின் குளிர்சாதனப் பெட்டியில், அப்ப மாவுக்கென்று எடுத்துவைத்த மதுவக் கரைசல் சில வாரங்களின் பின் மறுபடி நுரைக்கிறதே, அந்த அதிசயம் எனக்குப் போதும். வீட்டில் பியர் வடிக்கும் மேனாட்டார் பேணுவதும், நமது பாணையும் அப்பத்தையும் பொங்கச் செய்வதும் பெரும்பாலும் ஒரே இனமாகையால், அவர்கள் கற்றது நம் அடுக்களைக்கும் பொருந்தும்.



குளிரில் மதுவம் தான் சேமித்த கிளைக்கோசனைச் சிறுகச் சிறுகச் செலவழித்து, திரேகலோசு என்னும் வெல்லத்தால் தன் மென்சவ்வைக் காத்துக்கொண்டிருக்க, சேமிப்புக் கரையக் கரையக் கலங்கள் மடிகின்றன. இளஞ்சூடும் சீனியும் கிடைத்ததும் எஞ்சியவை சில நிமிடங்களிலேயே திரேகலோசை உடைத்து விழித்தெழுகின்றன.

என் மனத்தைக் கவர்ந்த சூட்சுமம் இதற்கப்பால் இருக்கிறது. மென்சவ்வு செவ்வையாக இயங்க எர்கோஸ்டெரோல் என்னும் ஸ்டெரோல் வேண்டும். அதை ஆக்க ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசனின்றி நொதிக்க வல்ல மதுவம், ஸ்டெரோல் வெளியிலிருந்தும் கிட்டாதபோது ஒட்சிசனின்றிப் பெருக மாட்டாது என்பதை ஆண்ட்ரியாசனும் ஸ்டியரும் 1953இல் காட்டினர். மகளுக்குக் கல்யாணமாகும்போது தாய் தன் வளவைப் பிரித்து வீடு கொடுப்பது நமது கரையின் வழக்கமல்லவா? தாய்க்கலமும் மகட்கலத்தை அரும்பிப் பிரிக்கையில் தன் ஸ்டெரோலை அவ்வாறே பங்கிடுகிறது. மகள் தன் மகளுக்கும் அவள் தன் மகளுக்கும் பங்கிட, புதுக் காணி வாங்காத குடும்பத்தில் வளவு சுருங்கி, கிணற்றுக்கு இடம் விட்டால் அடுப்புக்கு இடமில்லை, அடுப்பை வைத்தால் வாசலுக்கு வழியில்லை என்றாகி, கடைசி மகளுக்கு வேலியைத் தவிரக் கொடுக்க ஏதுமின்றிக் கல்யாணமே நின்றுபோவதுபோல, அரும்புதலும் நின்றுபோகிறது. புதுக் காணி வாங்கும் பணந்தான் ஒட்சிசன். அது இல்லாவிடில் ஸ்டெரோல் ஆக்கும் வேலை ஸ்குவாலீன் என்ற இடைப்பொருளோடு தடைப்படுகிறது. நம் கடற்கரையார் அறிந்த சுறா ஈரல் எண்ணெயில் நிறைந்துள்ள அதே பொருள் அடுக்களைப் போத்தலிலும் தேங்குகிறது என்பதை எண்ணுந்தோறும் எனக்குப் பேருவகை.

ஆகவே போத்தலின் மேல்நீரை வடித்து, அடிவண்டலுக்கு இளஞ்சூட்டு நீரும் சிறிது சீனியும் சேர்த்து, காற்றுப் படும்படி நன்றாக அடித்து, மூடியை இறுக்காமல் வைக்க வேண்டும். சீனியை அள்ளிப் போட்டால் விரைந்தெழும் என்ற உபதேசத்தை நம்பற்க. செறிந்த பாகு கலத்தின் நீரையே வெளியே இழுத்துவிடும். நுரைத்தெழுந்ததை அன்றே மாவில் சேர்த்துவிடலாம். மிச்சத்தை மறுபடி குளிரில் வைப்பதானால், சீனி தீர்ந்து நுரை அடங்கும்வரை பொறுக்க வேண்டும். செலவழித்த கிளைக்கோசனையும் திரேகலோசையும் மதுவம் திரும்பச் சேர்த்துக்கொள்வது அப்போதுதான்.