ஒலியைத் திருத்துவதா, தடம் தடமாகப் பதிவதா?

பள்ளி ஆண்டு விழாவுக்காக ஒரு பாட்டைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். ஒலித்திருத்த மென்பொருள், பல்தடப் பதிவு மென்பொருள் என இரு வகை உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

கணினிக்குள் ஒலி எவ்வாறு இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒலிவாங்கி, காற்றழுத்த மாறுதல்களை மின்னழுத்த மாறுதல்களாக ஆக்குகிறது. கணினி இம்மின்னழுத்தத்தை வழக்கமாக நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. ஆகவே, கணினிக்குப் பாட்டு என்பது நீண்டதோர் எண்வரிசையே ஆகும்.

திருத்த மென்பொருள் இவ்வரிசையைச் செப்பனிடுகிறது. இருமலை வெட்டலாம், எண்களைப் பெருக்கி மெல்லிய குரலை உயர்த்தலாம். திருத்தியதை அதே கோப்பில் சேமித்தால் பழைய எண்கள் அழிந்துவிடும். ஒருவரின் பேச்சுக்கோ தனிப்பாட்டுக்கோ இதுவே போதும்.

குரல், வயலின், மிருதங்கம் மூன்றும் சேர்ந்தால்? பல்தட மென்பொருள் ஒவ்வொன்றையும் தனித் தடமாக வைத்துக்கொள்கிறது. 'மிருதங்கத்தைப் பாதியாக்கு' என்றால், மூல எண்களைத் தொடாமல் அக்கட்டளையை மட்டும் குறித்துக்கொண்டு, ஒலிக்கும்போது கணக்கிடுகிறது.

இதனால் என்ன பயன்? ஒலிகளைக் கலப்பது என்பது கூட்டலாகும். 3-ம் 5-ம் சேர்ந்தால் 8. ஆனால் 8-ஐ மட்டும் பார்த்து, அது 3+5 ஆ, 6+2 ஆ என்று கூற இயலுமா? கலந்த ஒலியைப் பிரித்துக் காட்டும் மென்பொருள்கள் இன்று உண்டு. எனினும் அவை தருவது மதிப்பீடே. மிருதங்கம் குரலை அமுக்கிவிட்டது என்பது பாடியவர்கள் வீடு திரும்பிய பின் தெரிந்தால், தனித் தடங்களே கைகொடுக்கும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மூவருக்கும் நடுவே ஒரே ஒலிவாங்கியை வைத்தால், கூட்டல் காற்றிலேயே முடிந்துவிடும். பிறகு பல்தட மென்பொருள் இருந்தும் பயனில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பதியலாம். அல்லது ஆளுக்கோர் ஒலிவாங்கியும், அவற்றைத் தனித்தனியே ஏற்கும் இணைப்புக் கருவியும் வேண்டும்.

பல்தடப் பதிவுக்கு இடமும் மிகுதியாகத் தேவை. 16 பிட் அளவில் ஒரு தடத்துக்கு நிமிடத்திற்குச் சுமார் 5.3 மெகாபைட், எட்டுத் தடங்களுக்கு 42. காலத்தாழ்வும் உண்டு. கணினி 512 எண்களைச் சேர்த்த பிறகே கையாளுமானால், அதற்கே 0.0116 நொடி ஆகிறது. அதற்குள் ஒலி காற்றில் ஏறக்குறைய 4 மீட்டர் சென்றுவிடும்!

இரு வகைக்கும் இடையே கடுமையான எல்லை இல்லை. 2000-இல் வெளிவந்த ஆடாசிட்டி திருத்தத்திற்குப் பெயர்பெற்றது. அதிலும் பல தடங்களை வைக்கலாம். ஆர்டோர் பல்தடப் பதிவுக்கென்றே அமைந்தது. 'பின்னர் எதைத் தனியே மாற்ற வேண்டியிருக்கும்?' என்று முதலில் கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் திருத்த மென்பொருளே போதும்.